வீட்டு வாசலிலேயே காருக்குப் பிரேக் ஆயில் மாற்றி ஏர் எடுப்பது எப்படி?

தருமபுரியிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் தொப்பூர் கணவாய் வந்ததும் சாலை சரிந்து இறங்கத் தொடங்கும். அந்த வழியில் அடிக்கடி போய்வருகிறவர்களுக்கு, இரட்டைப் பாலம் பக்கம் கவிழ்ந்து கிடக்கும் லாரி புதிய காட்சி இல்லை. கனரக வண்டியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். ஆனால் குடும்பத்தோடு இறங்கும் சின்ன காரின் பிரேக்குக்கும் அங்கே கடுமையான வேலைதான். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல்லுக்கு இறங்கும் காட்டுப் பாதை, வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகள், சூளகிரியைக் கடந்து வரும் மேலுமலைச் சரிவு, தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்குப் போகும் சாலை என்று தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களிலும் எந்தப் பக்கம் வண்டியை எடுத்தாலும் ஓர் இறக்கம் வந்தே தீரும்.

அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, என்ஜின் ஆயிலைத் தேதி பார்த்து மாற்றுகிறோம். பிரேக் ஆயிலை மட்டும் கார் வாங்கிய நாளிலிருந்து தொடாமல் விட்டுவிடுகிறோம். பிரேக் பிடிக்கிறதே, பிறகென்ன என்ற நினைப்பு. ஊருக்குள் ஓட்டும்போது பழைய ஆயிலும் பிடிக்கத்தான் செய்யும். அதன் பலவீனம் இறக்கத்தில்தான் தெரியும். இந்த வேலையை நிதானமும் உதவிக்கு ஓர் ஆளும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். முதல்முறை செய்கிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆயில் ஏன் கெடுகிறது

பிரேக் ஆயிலுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. ரப்பர் ஹோஸ் வழியாகவும் பானெட்டுக்குள் இருக்கும் ஆயில் டப்பாவின் மூடி வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். வண்டி ஓடாமல் நின்றாலும் இது நடக்கும். புதிய டாட் 3 (DOT 3, பிரேக் ஆயிலின் ஒரு தர வகை) ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. டாட் 4 என்றால் 230 டிகிரி. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் டாட் 3-க்கான கணக்கு 140 டிகிரியாகவும், டாட் 4-க்கு 155 டிகிரியாகவும் இறங்கிவிடுகிறது. நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லாத தண்ணீர் இவ்வளவு செய்கிறது.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் சூடாகும், அந்தச் சூடு பேட் வழியாக, பேடை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கும் காலிப்பருக்குள் இருக்கும் ஆயிலுக்குப் போகும். ஈரம் ஏறிய ஆயில் அங்கே கொதித்து ஆவியாகும். ஆயிலை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். அதனால் நீங்கள் பெடலை மிதிக்கிற பலமெல்லாம் ஆவிக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்குப் போகாது. பெடல் சத்தமில்லாமல் தரையைத் தொடும். ஏதாவது வேலை பார்த்தபோது லைனுக்குள் காற்று புகுந்திருந்தாலும் இதே கதைதான். அந்தக் காற்றை வெளியேற்றுவதைத்தான் ஒர்க்‌ஷாப்பில் ஏர் எடுப்பது என்கிறார்கள். ஆயில் மாற்றுவதும் ஏர் எடுப்பதும் செய்முறையில் ஒரே வேலை.

வேலைக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொப்பூரில் பெடல் மெத்தென்று இறங்குவதுபோல் தோன்றினால் பதறி ஒரேயடியாக மிதித்துப் பிடிக்காதீர்கள். பெடலை வேகவேகமாகப் பலமுறை மிதித்து விடுங்கள், ஓரளவு அழுத்தம் திரும்பக் கிடைக்கும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள், நான்கு இண்டிகேட்டரையும் போட்டு இடது ஓரம் வாருங்கள். நிறுத்திய பிறகு சூடான டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. தானாகவே ஆறட்டும். பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். என்ஜின் இழுத்துப் பிடிக்க வேண்டிய பாரத்தையும் சேர்த்துப் பிரேக் தாங்க வேண்டிவரும்.

எப்போது மாற்ற வேண்டும்

பெரும்பாலான கார்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அல்லது கையேட்டில் சொல்லியிருக்கும் கிலோமீட்டருக்கு ஒருமுறை. இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. புதிய ஆயில் வெளிறிய மஞ்சளாக, கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். டப்பாவில் பார்க்கும்போது கடுங்காப்பி நிறத்துக்கு வந்திருந்தால் நாள் கடந்துவிட்டது என்று பொருள். ஆனால் நிறம் நன்றாக இருக்கிறது என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். ஈரம் கண்ணுக்குத் தெரியாது. மாற்றிய தேதி நினைவில்லை என்றால் மாற்றிவிடுவதே சரி.

யார் இதை வீட்டில் செய்யக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டாஷ்போர்டில் பிரேக் விளக்கோ, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கோ எரிகிறதா, டப்பாவில் ஆயில் மட்டம் காரணமில்லாமல் குறைகிறதா, சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் கசிந்த ஈரம் தெரிகிறதா, அப்படியானால் அது பழுது. ஆயில் மாற்றித் தீராது, மெக்கானிக்கிடம் போக வேண்டும். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் கார்கள் பலவற்றில் பிரேக் முழுக்கக் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இருக்கும், அவற்றையும் தொட வேண்டாம். பொத்தானை அமுக்கினால் பிடிக்கும் எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் உள்ள கார் என்றால் அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவரும் முறை தெரிந்தால் மட்டுமே இறங்குங்கள். சாதாரண ஏபிஎஸ் காரில் ஆயில் மாற்றலாம், பயம் வேண்டாம். ஒரே நிபந்தனை: ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்றைப் புகவிடக் கூடாது. புகுந்துவிட்டால் பல கார்களில் ஸ்கேனர் கருவி இல்லாமல் அதை எடுக்க முடியாது.

என்னென்ன வாங்க வேண்டும்

முதலில் ஆயில். பானெட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்கம், என்ஜினுக்குப் பின்னால், ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதன் மூடியிலேயே டாட் 3, டாட் 4 என்று அச்சிட்டிருப்பார்கள். அதைத்தான் வாங்க வேண்டும். டாட் 3 கேட்கும் காரில் டாட் 4 ஊற்றலாம். டாட் 4 கேட்கும் காரில் டாட் 3 ஊற்றக் கூடாது. டாட் 5 என்ற ஆயில் சிலிக்கான் வகை. டாட் 3, டாட் 4 ஆயிலோடு அது சேராது; எண் பெரியதாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். டாட் 5.1 அதிலிருந்து வேறு. அது டாட் 4-இன் இனம்தான்.

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் அரை லிட்டர் டின் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். சின்ன காருக்கு அரை லிட்டரை ஒட்டித்தான் செலவாகும், இருந்தாலும் ஒரு லிட்டராக வாங்கிக்கொள்ளுங்கள். வேலை நடுவில் ஆயில் தீர்ந்து, கழற்றிய சக்கரத்தோடு கார் நிற்கும்போது கடைக்கு ஓடுகிற நிலை வரக் கூடாது. சீல் உடையாத டின்னாக இருக்க வேண்டும். வீட்டு அலமாரியில் பாதி மிச்சமிருக்கும் பழைய டின் எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும் வேண்டாம், அது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். என்ஜின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில் போன்றவற்றை ஒரு சொட்டுகூடப் பிரேக் டப்பாவில் விடக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப்போய் மொத்த அமைப்பும் வீணாகிவிடும்.

அப்புறம் கருவிகள். நிப்பிளைத் (ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கிலும் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகு) திருக ரிங் ஸ்பேனர் வேண்டும். பெரும்பாலும் 8 அல்லது 10 எம்எம் இருக்கும், சில கார்களில் 11. ஓப்பன் ஸ்பேனரோ கட்டிங் பிளேயரோ போட்டால் நிப்பிளின் முனை மழுங்கிவிடும். நிப்பிளில் இறுக்கமாகப் பொருந்தும் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒரு மீட்டர், மீன் தொட்டிக்குப் போடும் டியூப் போதும். மூடியில் துளை போட்ட பழைய தண்ணீர் பாட்டில். டப்பாவிலிருந்து பழைய ஆயிலை உறிஞ்சப் பெரிய சிரிஞ்ச், இதை மெடிக்கலில் வாங்கலாம். ஜாக்கி, ஜாக்கி ஸ்டாண்டு, வீல் ஸ்பேனர், சக்கரத்துக்கு அடை கொடுக்க மரக்கட்டை. துரு இளக்கும் ஸ்பிரே. கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, பழைய துணி. பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீரும் குவளையும். இந்தத் தண்ணீரை யாரும் முக்கியமாக நினைப்பதில்லை, ஆனால் பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். ஒரு சொட்டு ஃபெண்டரில் விழுந்தாலும் துணியால் தேய்த்துவிட்டு விடாமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

இடமும் ஜாக்கியும்

மழை நாளில் இந்த வேலை வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து காற்று காய்ந்திருக்கும் நாளாகப் பாருங்கள். தரை சமமான சிமென்ட் தளமாக இருக்க வேண்டும். தோட்டத்து மண்ணில்தான் நிறுத்த முடியும் என்றால், ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் கனமான மரப்பலகை போடுங்கள்.

நம் பக்கம் கிரானைட் துண்டுக்கும் ஹாலோ பிளாக்குக்கும் பஞ்சமில்லை. ஆளாளுக்கு அதை அடுக்கிக் கார் அடியில் முட்டுக் கொடுப்பதைப் பார்க்கலாம். தயவு செய்து செய்யாதீர்கள். ஹாலோ பிளாக் எச்சரிக்கை தராமல் பொடிந்து உட்காரும். கிரானைட் மேல் இரும்பு வழுக்கும். ஜாக்கியை மட்டும் நம்பியும் காருக்கு அடியில் கை நீட்டக் கூடாது. ஜாக்கியால் தூக்கி, கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் ஸ்டாண்டு கொடுத்து, கழற்றிய சக்கரத்தைக் காரின் பக்கச் சட்டத்துக்கு அடியில் படுக்க வைத்துவிட்டுத்தான் வேலை.

சக்கர நட்டுகளைக் காரைத் தூக்கும் முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். பின் சக்கரத்தில் வேலை பார்க்கும்போது ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட வேண்டும். அப்போது காரைப் பிடிப்பது முதல் கியரும் முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைத்த அடைகட்டையும்தான், அதனால் கட்டையைச் சரியாக வைத்தீர்களா என்று இரண்டுமுறை பாருங்கள். ஆட்டோமேட்டிக் காரென்றால் பார்க்கிங் நிலை. முன் சக்கரத்துக்கு வரும்போது ஹேண்ட் பிரேக்கைப் போட்டுப் பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

முதலில் நிப்பிள் திறக்கிறதா என்று பாருங்கள்

எதையும் தொடுவதற்கு முன் நான்கு நிப்பிளும் அசைகின்றனவா என்று பார்ப்பதுதான் முறை. ஆல்ட்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட் போன்ற பெரும்பாலான சின்ன கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிஸ்க்கில் நிப்பிள் காலிப்பரின் மேல்புறம் இருக்கும். டிரம்மில் பின்பக்கத் தகட்டில், பிரேக் லைன் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டிலும் சின்ன ரப்பர் தொப்பி போட்டிருப்பார்கள். தொப்பியைக் கழற்றி, சுற்றியுள்ள மண்ணைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டிவிட்டு, முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். செம்மண் சாலையில் ஓடும் கார்களில் இந்த இடத்தில் மண் இறுகிக் கிடக்கும்.

மறுநாள் ரிங் ஸ்பேனரைப் போட்டு மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். லேசாக அசைந்ததும் மறுபடி மூடிவிடுங்கள். அசையவில்லையென்றால் இன்னும் ஸ்பிரே அடித்து, சின்னச் சுத்தியால் பக்கவாட்டில் மெல்லத் தட்டி, அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். நிப்பிள் நடுவே ஓட்டை உள்ள சின்ன இரும்புக் குழாய், வலுவாகத் திருகினால் ஒடிந்துவிடும். ஒடிந்தால் காலிப்பரோ, டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டரோ மாற்ற வேண்டி வரலாம், காரையும் ஓட்ட முடியாது. இந்தக் கட்டத்தில் காரை அப்படியே மெக்கானிக்கிடம் ஓட்டிப் போவதில் எந்தக் குறைவும் இல்லை. இதை முதலிலேயே பார்க்கச் சொல்வதன் காரணமும் அதுதான்.

டப்பாவைப் புதுப்பிப்பது

மூடியைத் திறக்குமுன் டப்பாவைச் சுற்றித் துடையுங்கள்; ஒரு மண் துகள்கூட உள்ளே விழக் கூடாது. ஃபெண்டர் மேல் பழைய போர்வை விரியுங்கள். மூடியைத் திறந்து சிரிஞ்சால் பழைய ஆயிலை உறிஞ்சுங்கள், ஆனால் முழுவதும் அல்ல. அடியில் இருக்கும் துளைகள் தெரியாத அளவுக்குக் கொஞ்சம் விட்டுவிட வேண்டும். துளை காற்றைப் பார்த்துவிட்டால் நீங்களே ஏர் ஏற்றியதாகிவிடும். இந்த நேரத்தில் யாரும் பெடலைத் தொடக் கூடாது. குழந்தைகள் உள்ள வீடென்றால் கார் கதவைச் சாத்தி வையுங்கள். பிறகு புதிய ஆயிலை மேக்ஸ் கோடு வரை ஊற்றி, மூடியைத் திருகாமல் சும்மா மேலே வையுங்கள்.

எந்தச் சக்கரம் முதலில்? மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்) தொலைவில் உள்ளதிலிருந்து தொடங்கி அருகில் உள்ளதில் முடிப்பது பொது வழக்கம். நம் ஊர்க் கார்களில் ஸ்டீயரிங் வலப்பக்கம், மாஸ்டர் சிலிண்டரும் அதே பக்கம். ஆகவே பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலது. சில கார்களில் பிரேக் லைன் குறுக்காகப் பிரிக்கப்பட்டிருக்கும். அவற்றுக்குப் பின் இடது, முன் வலது, பின் வலது, முன் இடது என்று கையேடு சொல்லும். கையேடு என்ன சொல்கிறதோ அதுவே முடிவு.

மிதி, பிடி, விடு

உதவிக்கு வருகிறவர் ஓட்டுநர் இருக்கையில் உட்காரட்டும். என்ஜின் அணைந்திருக்க வேண்டும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள், பெடல் தரை வரைக்கும் போகாமல் தடுக்க. பல வருடம் ஓடிய காரில் மாஸ்டர் சிலிண்டரின் கடைசிப் பகுதியில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். தினசரி ஓட்டத்தில் சீல் அங்கே போவதே இல்லை. இன்று முதல்முறையாக அங்கே தேய்ந்தால் சீல் கிழியலாம்.

நிப்பிளில் முதலில் ரிங் ஸ்பேனரை மாட்டி, அதன் பிறகு டியூபைச் செருகுங்கள். டியூபைச் செருகிவிட்டால் ஸ்பேனர் உள்ளே போகாது. டியூப் நிப்பிளிலிருந்து ஒரு சாண் மேலே ஏறி, பிறகு வளைந்து பாட்டிலுக்கு இறங்கட்டும். குமிழி மேல்நோக்கித்தான் போகும் என்பதால் அது நிப்பிளுக்குத் திரும்பி வராது. பாட்டிலில் இரண்டு விரல் உயரத்துக்குப் புதிய ஆயில் ஊற்றி டியூப் முனையை அதில் மூழ்க வையுங்கள்.

இனிப் பேச்சு வார்த்தை முக்கியம். ஒருவர் காருக்குள், ஒருவர் சக்கரத்தடியில், முகம் தெரியாது. என்ன சொல்லுக்கு என்ன வேலை என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். நீங்கள் "மிதி" என்றதும் அவர் பெடலை நிதானமாக இரண்டு மூன்று முறை மிதித்து விட்டு, கடைசி மிதியில் அப்படியே காலை அழுத்தி வைத்து "பிடிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகே நிப்பிளைக் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று வரை திறங்கள். ஆயில் டியூபுக்குள் பாயும், பெடல் தானாகக் கீழே இறங்கும். அவர் காலை எடுக்காமல், இறங்கும் பெடலோடு கூடவே போய் "இறங்கிருச்சு" என்பார். உடனே நிப்பிளை மூடுங்கள். மூடி முடித்த பிறகுதான் நீங்கள் "விடு" என்று சொல்ல வேண்டும். "விடு" கேட்காமல் அவர் காலைத் தூக்கக் கூடாது.

இந்த ஓர் இடத்தில்தான் புதியவர்களின் வேலை பெரும்பாலும் கெடுகிறது. நிப்பிள் திறந்திருக்கும்போது பெடல் மேலே வந்தால் மாஸ்டர் சிலிண்டர் எதிர்த்திசையில் உறிஞ்சும். நிப்பிளின் திருகுப் பள்ளங்கள் வழியாகக் காற்று உள்ளே போய்விடும். உதவிக்கு வந்தவர் உங்கள் மாமாவோ அண்ணனோ, எத்தனை வருடம் வண்டி ஓட்டியவராக இருந்தாலும், "மூடியாச்சு, விடலாம்னு நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதீங்க" என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். காலை மெதுவாக விடச் சொல்லுங்கள், இரண்டு விநாடி இடைவெளி விட்டு அடுத்த மிதிக்குப் போகலாம்.

பின் இடது சக்கரத்தில் முதலில் வரும் ஆயிலைக் கவனித்துப் பாருங்கள். அடர்ந்த பழுப்பாக, சில நேரம் கறுப்புத் துகள்கள் மிதக்க வரும். வீல் சிலிண்டரின் மூலையில் தேங்கிக் கிடந்தது அது. பிறகு பழுப்பு மெல்ல வெளுக்கும். ஒரு கட்டத்தில் டியூபுக்குள் பழையதும் புதியதும் சந்திக்கும் எல்லையே கண்ணுக்குத் தெரியும். வெளிறிய மஞ்சள் ஆயில், குமிழி ஒன்றுகூட இல்லாமல் தொடர்ந்து மூன்று நான்கு மிதிக்கு வந்தால் அந்தச் சக்கரம் முடிந்தது. தொலைவான சக்கரம் என்பதால் இதற்குத்தான் ஆயிலும் நேரமும் அதிகம் பிடிக்கும். மற்றவை சீக்கிரம் முடியும்.

ஒவ்வொரு ஐந்து ஆறு மிதிக்கும் எழுந்து போய் டப்பாவைப் பாருங்கள். MIN கோட்டுக்குக் கீழே ஒருபோதும் இறங்க விடாதீர்கள். வேலை சூடுபிடித்து நன்றாகப் போகும்போதுதான் இது மறக்கும், அதனால் மிதிகளை வாய்விட்டு எண்ணுங்கள். டப்பா ஒருமுறை காலியானால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரம் வரைக்கும் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். ஏபிஎஸ் காராக இருந்தால் மேலே சொன்ன ஸ்கேனர் தொல்லையும் சேரும்.

நிப்பிளை மூடும் இறுக்கம் பற்றி ஒரு வார்த்தை. கசியாத அளவுக்கு இறுக்கினால் போதும். ஸ்பேனரின் முழு நீளத்தைப் பிடித்து இழுக்காமல், நடுவில் பிடித்து மணிக்கட்டு பலத்தில் இறுக்குங்கள். முடிந்ததும் நிப்பிள் மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்து, ரப்பர் தொப்பியை மறக்காமல் போடுங்கள். தொப்பி இல்லாவிட்டால் மண் அடைத்து, அடுத்தமுறை திறக்காது.

முன் காலிப்பரில் எவ்வளவு மிதித்தாலும் குமிழி வந்துகொண்டே இருக்கிறதா? நிப்பிள் காலிப்பரின் மேல்முனையில் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு யாரோ காலிப்பரைக் கழற்றி இடது வலது மாற்றி மாட்டியிருந்தால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று மேலே தேங்கி நிற்கும், எத்தனை லிட்டர் ஊற்றினாலும் வெளியே வராது. சில கார்களில் கிளட்சுக்கும் இதே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகிறது. கையேட்டில் அப்படி இருந்தால் கிளட்ச் நிப்பிளிலும் அதே முறையில் எடுத்துவிடலாம்.

தனியாகத்தான் செய்ய வேண்டும் என்கிறவர்களுக்குக் கையால் இழுக்கும் வேக்குவம் பம்ப் கிடைக்கிறது. நல்ல கருவிதான். ஆனால் அதில் நிப்பிளின் திருகு வழியாக வெளிக்காற்றும் இழுபட்டு, லைனில் இல்லாத குமிழியை டியூபில் காட்டும். முதல்முறை செய்கிறவருக்கு அது குழப்பம். இரண்டு பேர் முறையிலேயே தொடங்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

காரை நகர்த்தும் முன்

டப்பாவை மேக்ஸ் கோடு வரை நிரப்பி மூடியை இறுக்குங்கள். கோட்டைத் தாண்ட வேண்டாம். பெடலுக்கு அடியில் வைத்த மரத்துண்டை எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். இதை மறந்தால் மற்றதெல்லாம் சரியாகச் செய்தும் பிரயோசனமில்லை.

என்ஜினை ஸ்டார்ட் செய்யாமலேயே பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். கெட்டியாக நிற்க வேண்டும். காலை அழுத்தி வைத்துக்கொண்டே என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டர் வேலை செய்வதால் பெடல் சற்றே கீழே போய் நிற்கும், அது சரியான அறிகுறி. அப்படியே ஒரு நிமிடம் அழுத்தி வையுங்கள். பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கிறது; காரை எடுக்காதீர்கள். முதல் மிதி மெத்தென்றும், அடுத்தடுத்த மிதியில் கெட்டியாகவும் இருந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது, மறுபடி நான்கு சக்கரமும் எடுக்க வேண்டும். குமிழியே வராமலும் இப்படி இருந்தால் பின் டிரம்மில் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம், அதை மெக்கானிக்கிடம் காட்டி அட்ஜஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

பெடலை உதவியாளர் அழுத்திப் பிடித்திருக்கும்போதே நான்கு நிப்பிளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் இருக்கக் கூடாது. சக்கரத்தை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, காரை இறக்கிய பிறகு இன்னொருமுறை இறுக்குங்கள்.

ஓட்டிப் பார்ப்பதை வீட்டுத் தெருவிலேயே தொடங்குங்கள். நடை வேகத்தில் இரண்டு மூன்று முறை நிறுத்திப் பார்த்து, அப்புறம் ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலையில் இருபது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டுப் பாருங்கள். கார் ஒரு பக்கமாக இழுக்கக் கூடாது. அன்றைக்கே தொப்பூரிலோ ஒகேனக்கல் சாலையிலோ இறங்க வேண்டாம். ஓரிரு நாள் ஊருக்குள் ஓட்டுங்கள். காலையில் காரை எடுக்குமுன் சக்கரங்களுக்கு அடியில் தரையில் சொட்டு இருக்கிறதா, டப்பாவில் மட்டம் அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி சோதியுங்கள்.

பாட்டிலில் சேர்ந்த பழைய ஆயில் விஷம். சாக்கடையிலோ மாமரத்தடியிலோ கிணற்றுப் பக்கமோ ஊற்றாதீர்கள். இறுக மூடி, மேலே "பிரேக் ஆயில், விஷம்" என்று எழுதி ஒட்டிக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவு ஆயில் சேர்த்துக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப் எதிலாவது ஒப்படைத்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில் என்பதால் யாராவது எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து உண்மையிலேயே உண்டு. டின்னில் மிஞ்சிய புதிய ஆயிலை இரண்டு வருடம் கழித்து வரும் அடுத்த மாற்றத்துக்கென்று வைக்காதீர்கள், அதையும் கழிவோடு கொடுத்துவிடலாம். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி, பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.